பெண் வீட்டுப் பத்திரிகை

இந்தத் தாளைத் தொட்டால் காய்ந்த அரிசி மாவைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. இதைத்தான் வாங்கப்போகிறேன் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது, வாய் மட்டும் இன்னும் "வேற காட்டுங்க பாய்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. வாங்கிவிட்டால் அடுத்த கடைக்குப் போக வேண்டும். அடுத்தது உறை, அப்புறம் நூல், அதற்கப்புறம் பக்கத்துச் சந்தில் மாடியில் ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிற குமாரி அக்கா. அவரிடம் போனால் வாசகத்தைக் கொடுத்தாக வேண்டும். அதனால் நான் தாளைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். சனிக்கிழமை மூன்று மணி. ஆண்டர்சன் தெருவுக்குள் வெயில் நேராக இறங்குவதில்லை, கடை வாசல்களில் தொங்கும் மாதிரிப் பத்திரிகைகளின் தங்க விளிம்பில் பட்டுக் கண்ணைக் கூசவைத்துவிட்டுத்தான் தரைக்கு வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ இரண்டு பேருக்குக் கல்யாணம். தாள் கடை பாய் நாலாவது கட்டைப் பிரித்துவிட்டார். "யம்மா, கல்யாணம் உனக்கா, வேற யாருக்காச்சுமா?" எனக்குத்தான் என்றேன். "அதான் பார்த்தேன். அடுத்தவங்க கல்யாணத்துக்கு வாங்க வர்றவங்க அஞ்சு நிமிஷத்துல போயிடுவாங்க. எத்தினி வேணும்?" நாற்பது. "நாப்பது கட்டா?" இல்லை, நாற்பது பத்திரிகை. அவர் கை கட்டின் மேல் நின்றது. எழுநூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று கேட்டுப் பழகிய கை. அவர் மேலே கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் விட்டதை நான் கேட்டேன். "மாப்பிள்ளை வீட்ல தனியா அடிச்சிருப்பாங்க இல்ல" என்றார் கொஞ்சம் கழித்து, எனக்கு உதவுகிற மாதிரி. அடித்துவிட்டார்கள், ஐந்நூறு. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பத்திரிகை, பெண் வீட்டுக்கு ஒரு பத்திரிகை, இது எங்கும் உள்ள வழக்கம்தானே, அவரவர் சொந்தத்தை அவரவர் கூப்பிட வேண்டும். நந்தகோபாலின் அம்மா நல்ல மாதிரி, "எதுக்கும்மா தனியா, எங்க பத்திரிகையிலயே உங்க வீட்டுப் பேரையும் சேர்த்துப் போட்டுடலாம்" என்று சொல்லிப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். நாற்பது ஆனாலும் பெண் வீட்டுப் பத்திரிகை என்று ஒன்று இருக்கட்டும். பெண் வீடு என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு.

சாம்பல் நிறத் தாள் ஒன்று அடியில் இருந்தது. எனக்கு அது பிடித்தது. பரிசோதனைக் கூடத்தில் ஐந்து வருடமாகத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, நிறம் குறைவாக இருப்பதெல்லாம் சுத்தமானது என்று மனதில் பதிந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கும்" என்றார் பாய், "பதினாறாம் நாள் காரியத்துக்கு வாங்கிட்டுப் போவாங்க. இதுல மஞ்சள் தடவினா அழுக்கு மாதிரி தெரியும், பாத்துக்க." உடனே கீழே வைத்துவிட்டேன். கையைத் துப்பட்டாவில் துடைத்தும் கொண்டேன், பாய் சிரித்தார், நானும். முதலில் தொட்ட மாவு நிறத் தாளையே எடுத்துக்கொண்டேன். பஞ்சுக் கழிவில் செய்த தாளாம், உற்றுப் பார்த்தால் உள்ளே இழைகள் ஓடுகின்றன, எங்கேயோ ஒரு நீல நூல்கூட. யாருடைய சட்டையோ. நாலாக மடித்து வெட்டித் தரச் சொன்னேன், வெட்டும் இயந்திரம் ஒரு முறை இறங்கி ஏறியது, நாற்பதோடு பிசகுக்கு என்று ஆறு சேர்த்து நாற்பத்தாறு கார்டு. எந்தப் பிசகுக்கு? மை ஈஷுகிற பிசகுக்கு, வேறென்ன. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன், புதுத் தாளின் வாசனை மேலே வந்தது, பள்ளிக்கூடம் திறக்கிற நாளின் வாசனை என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு இல்லை. எனக்குப் புதுத் தாள் என்பதே பழைய கல்யாணப் பத்திரிகைதான்.

அப்பா பந்தல் போடுகிறவர். திண்டிவனத்தில் ஒரு பந்தல் காண்ட்ராக்டரிடம் இருபத்தேழு வருடமாக. சவுக்குக் கழி நட்டு, கயிறு கட்டி, துணி இழுத்து, வாசலில் வளைவு நிறுத்தி, அதில் மணமக்களின் பெயரைத் தெர்மாகோல் எழுத்தில் குத்திவிட்டு, சாமான் ஏற்றிவந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார். இடமும் தேதியும் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பத்திரிகையைக் காண்ட்ராக்டர் கையில் கொடுப்பார். வேலை முடிந்ததும் அது எனக்கு. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், வழவழவென்று, பேனா வழுக்கும், பென்சில்தான் பிடிக்கும். வாய்பாடு, வகுத்தல், தனிம அட்டவணை, கரிம வேதியியலின் அறுகோணங்கள் எல்லாம் பத்திரிகைகளின் முதுகில். பின்பக்கம் தீர்ந்தால் திருப்பி முன்பக்கம் படிப்பேன். அதனால் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எனக்குப் பத்திரிகை எழுதத் தெரியும். நிகழும் மங்களகரமான என்று ஆரம்பிப்பது, தாத்தா பெயர் எங்கே, படிப்பு எந்த அளவு எழுத்தில், இறந்தவர் பெயருக்கு முன் என்ன போடுவது, சித்தப்பாக்கள் எந்த வரிசையில். கடைசியில், வலது பக்கம், தங்கள் நல்வரவை எதிர்நோக்கும், அதற்குக் கீழே இரண்டு வரி. அந்த இரண்டு வரிதான் பத்திரிகை. மேலே இருப்பதெல்லாம் செய்தி. அப்பா ஒரு முறை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், "உம் பத்திரிகைல உம் பேருக்குப் பக்கத்துல படிப்பு இருக்கும் பாரு, அது வளைவுல குத்துறதுக்கு எழுத்துப் பத்தாது, எம்.எஸ்ஸின்னா அஞ்சு எழுத்து, ரெண்டு புள்ளி, மொதலாளி கிட்டத் தனியா சொல்லி வெக்கணும்." அப்போது நான் பதினொன்றாவது. எம்.எஸ்ஸி. என்பதை அவராகவே முடிவு செய்திருந்தார்.

உறைக்கடையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார், முன்னால் மின்விசிறி, அதற்கு முன்னால் பறக்காமலிருக்கக் கல் வைத்த உறைக் கட்டுகள். கார்டைக் காட்டி இந்த அளவுக்கு வேண்டும் என்றேன். வெள்ளை வேண்டாம், மஞ்சள் வேண்டாம், பளபளப்பு வேண்டாம், அரக்கு நிறத்தில் ஒன்று கிடைத்தது. "அம்பதாத்தான் வரும், ஒடைச்சித் தர மாட்டேன்" என்றார். சரி என்றேன். பத்து மீறும். யாருக்கு? என்னிடம் இருக்கும் பட்டியலில் நாற்பதுக்கே நான் ஆள் சேர்த்தேன். பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு பேர், விடுதியில் ஒன்பது பேர், விடுதி வார்டன், கல்லூரியில் இரண்டு பேராசிரியர்கள், எட்டாவது வரை இலவசமாக டியூஷன் எடுத்த பிரமிளா டீச்சர், கூடப் படித்தவர்கள் ஆறு பேர். மீதி ஏழு ஊருக்கு. அந்த ஏழில் முதலாவது எங்கள் வீட்டு முகவரி. சொந்த வீட்டுக்குப் பத்திரிகை அனுப்புகிற பெண் வீடு. எழுதும்போதே சிரிப்பு வந்தது, பிறகு வார்டன் வந்து ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டார், பரிசோதனைக் கூடத்தில் குளோரின் என்று சொன்னேன். பொய் சொல்வது எனக்கு வராது, ஆனால் வேலையை வைத்துச் சொன்னால் வருகிறது. "உள்ள கார்டு போட்டுப் பாரு கண்ணு, அப்புறம் பத்தலைன்னு வராத" என்றார் கடைக்காரப் பெண்மணி. போட்டுப் பார்த்தேன். மடித்த கார்டு உறைக்குள் போய் ஒரு நூல் தடிமன் வெளியே நின்றது. அடுத்த அளவு எடுத்தால் உள்ளே ஆடுகிறது. "ஆடட்டும்" என்றார். "இறுக்கமா இருந்தா எடுக்கும்போது கிழிஞ்சிடும். பத்திரிகை கிழிஞ்சா மனசு ஒரு மாதிரி ஆயிடும் ஜனங்களுக்கு." பெரியதையே எடுத்துக்கொண்டேன்.

நந்தகோபால் போனில் கூப்பிட்டான். "வாங்கிட்டியா?" தாளும் உறையும் ஆயிற்று. "சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்றேன், சாப்பிட்டிருக்கவில்லை. "வாசகம் எது குடுக்கப் போற?" பைக்குள் தாள் மடிப்பு விரலில் பட்டது. அதில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன், என் கையெழுத்தில், கடைசி வரிகள் மட்டும் வேறு வேறு. "பேசாம உங்க அப்பா அம்மா பேரைப் போட்டுடு சத்யா. அது மரியாதைதானே. மகளோட பத்திரிகைல அப்பா பேர் இருந்தா அவர் என்ன, கேஸா போடப்போறார்?" அவர் கூப்பிடவில்லையே நந்து, என்றேன். "யாரை?" யாரையும். அவனுக்குப் பின்னால் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டது. "சரி, அப்ப சுற்றமும் நட்பும்னு போட்டுடு, நிறைய பேர் அப்படித்தானே போடறாங்க." போடுகிறார்கள், ஆனால் பெற்றவர்கள் பெயருக்குக் கீழே போடுகிறார்கள், பெயருக்குப் பதிலாக அல்ல. பதிலாகப் போட்டால் படிக்கிறவர் கண் உடனே அங்கே போய் நிற்கும், ஆயிரம் பத்திரிகை படித்தவள் நான், எனக்குத் தெரியாதா. மூன்றாவது, நாங்களே அழைப்பது, சத்தியவாணி, நந்தகோபால் என்று. மூன்றில் அதுதான் உண்மை. அதைப் படிக்கும்போதெல்லாம் நானே போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, எனக்கு யாருமில்லை, வாருங்கள் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. "நீ ரொம்ப யோசிக்கிற" என்றான் நந்து, கோபமாக இல்லை. யோசிக்காமல் இருக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் படிவம் நிரப்பினதே நான்தான், ஐந்தாவதிலிருந்து, எல்லாப் படிவமும், ரேஷன் கார்டு, உதவித்தொகை, அம்மாவின் காப்பீடு. படிவத்தின் ஒரு கட்டத்தில் தப்பாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், அப்பாவுக்கு ஒரு நாள் வேலை போகும். அப்படி வளர்ந்த கை இது, வெற்று இடத்தைக் கண்டால் பேனாவைத் தேடும்.

நூல் கடை எதிர்ச் சாரியில். சிவப்பும் மஞ்சளும் கலந்த முறுக்கு நூல் ஒரு உருண்டை. உருண்டை உள்ளங்கையில் உட்கார்ந்ததும் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை, ஒருவேளை அங்கே கோப்புகளைக் கட்டியிருந்த நூலாக இருக்கலாம். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அப்பாவும் நானும் மூன்று நாள் போனோம். குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. மூன்றாம் நாள் அந்த அதிகாரி கேட்டார், "வீட்ல யாராச்சும் டிகிரி படிச்சிருக்காங்களாய்யா?" "யாரும் இல்லீங்க." "கூடப் பொறந்தவங்க, அப்பா அம்மா, தாத்தா?" "யாருமே இல்லீங்க." இல்லை என்பதை அத்தனை நிமிர்ந்து சொல்லும் மனிதரை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. வெளியே வந்து சான்றிதழைத் தன் சட்டைக்குள், பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார், வியர்வை படும்ப்பா என்றேன், படாது என்றார். பஸ்ஸில் கையை மார்பில் வைத்தபடியே வந்தார். ஏழு மாதத்துக்கு முன்னால், தை மாதம், வீட்டுக்குப் போய் நந்தகோபாலைப் பற்றிச் சொன்னேன். அவர் பந்தல் துணியில் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். வேற ஆளுங்கப்பா, என்றேன், அவர் கேட்கும் முன்பே, ஒளித்துவைத்துப் பிறகு தெரிந்தால் அதுவேறு. ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். எழுந்து குழாயில் கை கழுவினார், ரொம்ப நேரம். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார், அன்று வேலை இல்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் அம்மா எடுக்கிறாள், "உங்கப்பா குளிக்குதும்மா." காலையில் குளிக்கிறார், மத்தியானம் குளிக்கிறார், ஏழு மாதமாக அப்பா குளித்துக்கொண்டே இருக்கிறார். அம்மாவின் பெயரை மட்டும் போடலாமா என்று கேட்டேன். "அது எப்படிம்மா, நான் மட்டும் தனியா எந்த வாசல்ல நிக்கிறது?" என்றாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, இன்னும் இருபத்திரண்டு நாள், பல்லாவரத்தில் சின்ன மண்டபம். நல்ல முகூர்த்தம். நல்ல முகூர்த்தம் என்றால் அப்பாவுக்குக் கட்டாயம் வேலை இருக்கும். இதை நினைக்காமல் இருக்க நான் எவ்வளவோ பார்க்கிறேன், பஸ்ஸில், கூடத்தில், தண்ணீரில் துளித்துளியாக அமிலம் விடும்போது, நினைப்பு பக்கவாட்டில் வந்துவிடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் ஏதோ ஒரு ஊரில் ஏணியின் மேல் நின்று யாரோ ஒரு பெண்ணின் பெயரை வளைவில் குத்திக்கொண்டிருப்பார். கீழேயிருந்து யாராவது கொஞ்சம் இடப்பக்கம் என்பார்கள், நகர்த்துவார். குத்தி முடித்து இறங்கித் தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பார்ப்பார், அது அவர் பழக்கம். அப்போது என்ன நினைப்பார்? நினைக்காமல் இருப்பாரா? நினைக்க வேண்டும் என்றும் இருக்கிறது, நினைத்து ஏணியில் தடுமாறிவிடக் கூடாது என்றும் இருக்கிறது. குமாரி அக்காவின் மாடிப்படி இருட்டாக இருந்தது, பதினெட்டுப் படி, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மை வாசனை மேலேயிருந்து இறங்கிவந்தது. பொட்டலங்கள் இரண்டு கையிலும். ஏறாமல் ஒரு நிமிஷம் நின்றேன். நானே செய்கிறேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததன் காரணம் எனக்கு அங்கேதான் ஒழுங்காகப் புரிந்தது. அச்சகத்தில் கொடுத்தால் முதல் கேள்வியே அழைப்பது யார் என்பதுதான். நானே தாள் தேடி, உறை தேடி, நூல் தேடிப் போனால் அந்தக் கேள்வி கடைசிக்குத் தள்ளிப்போகும். அதற்குள் ஒரு நாள் அவர் குளித்து முடித்துவிடுவார் என்று.

குமாரி அக்காவின் அறையில் பாதியை மேஜை அடைத்திருந்தது. மூலையில் கணினி, ஜன்னலோரம் துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டங்கள், சுவரெல்லாம் மைத் துடைப்புகள். நாற்பது வயதிருக்கும், நைட்டிக்கு மேல் ஆண் சட்டை, காதோரம் தங்க மை. "வாம்மா விஞ்ஞானி" என்றார். போன வாரம் விசாரிக்க வந்தபோது இந்த மையில் ஈயம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன், அதிலிருந்து அப்படி. கார்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்ல தாளு. மை குடிக்கும், ரெண்டு இழுப்பு இழுக்கணும். மேட்டர் குடு, நாலரைக்குள்ள ஸ்கிரீன் எடுத்துடறேன், அப்புறம் ஒரு கடைத் திறப்பு நோட்டீஸ் ஆயிரம் கெடக்கு." மடித்த தாளைக் கொடுத்தேன். படித்தார். திருப்பினார், மறுபடி படித்தார். "இன்னாம்மா இது, மூணு முடிவு எழுதி வெச்சிருக்க. நாடகமா? எது வேணும்?" நான் பொட்டலங்களை மேஜையோரம் வைத்தேன். "சட்டத்துல மருந்து தடவி வெளிச்சத்துல காட்டிட்டேன்னா முடிஞ்சிது, அப்புறம் இதை எடு, அதைப் போடுன்னு வந்து நிக்காத. எழுத்து இருக்கற எடம் மட்டும் தண்ணி பட்டா கரைஞ்சி தொறந்துக்கும், மத்தது கெட்டியா நின்னுடும், தெரியும் இல்ல." தெரியும், எனக்கு வேதியியல் தெரியும். "அப்பா இருக்காரா?" இருக்கிறார். "அம்மா?" இருக்காங்க. "அப்புறம் இன்னா கஷ்டம், போட்டுட வேண்டியதுதானே. செத்தவங்க பேரையே போடறாங்க, உசுரோட இருக்கறவரு பேரைப் போட யோசனை பண்ற." அவர் கூப்பிடலைக்கா, என்றேன். நந்துவிடம் சொன்னதையே. குமாரி அக்கா என் முகத்தைப் பார்த்தார், நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "நீ கேட்டியா?" என்ன கேட்கிறார் என்று புரியாத மாதிரி பார்த்தேன். "பேரு போடலாமான்னு அவர்கிட்ட கேட்டியா? இல்ல நீயே மூணு முடிவு எழுதிக்கினு சுத்தறியா?" கேட்கவில்லை. ஏழு மாதமாக அம்மாவின் போனுக்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கென்று ஒரு போன் இருக்கிறது, பட்டன் போன், நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, எண் மனப்பாடம். அதற்குக் கூப்பிட்டு அவர் எடுக்காவிட்டால் பிறகு எனக்கு என்ன மிச்சம்? அம்மா சொல்கிற குளியலாவது இருக்கட்டும் என்றுதான். "நாலரை" என்றார் அக்கா, சட்டம் ஒன்றை எடுத்துத் துடைத்தபடி. சுவரில் மணி நாலு ஐந்து.

எண்ணை அழுத்தினேன். மணி போனது. ஐந்து, ஆறு. கட் பண்ணிவிடலாம் என்று கட்டைவிரல் போனபோது எடுத்தார்.

"சொல்லு."

"அப்பா, நான் சத்யா."

"தெரியுது."

கழியில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது, டொக், டொக், நடுவில் யாரோ "தனக்கோட்டிண்ணே, நடுக்கழி எங்க?" என்றார்கள். "வண்டிக்கு அந்தாண்ட கெடக்குது பாரு" என்றார் அப்பா, போனை வாயிலிருந்து எடுக்காமலே. அந்தக் குரல், வேலை நேரத்துக் குரல், நான் பக்கத்தில் இருக்கிற மாதிரி. பிறகு மூச்சு.

"பத்திரிகை அடிக்கப் போறேன்ப்பா. உம் பேரைப் போடலாமான்னு கேக்கத்தான்."

சுத்தியல் நின்றது. அல்லது அவர் தள்ளி நடந்துவிட்டார். குமாரி அக்கா குழாயைத் திறந்தவர் உடனே மூடினார்.

"பேரு போட்டா வாசல்ல நிக்கணும்" என்றார்.

"ஆமாப்பா."

"நின்னா நாலு பேரு கேப்பான்."

"கேப்பாங்கப்பா."

"இன்னான்னு சொல்றது?"

வாயில் வந்ததெல்லாம் படித்த வார்த்தைகள், அவருக்குச் சொல்ல ஒன்றுகூட உதவாதவை. பையன் நல்லவன்ப்பா என்று சொல்லியிருக்கலாம். உனக்குப் பிடிக்கும், உன்னை மாதிரியே எதையும் தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்வான் என்று சொல்லியிருக்கலாம். நான், "தெரியலப்பா" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார். "எப்ப அடிக்கிற?"

"இப்பதான்ப்பா. கடையிலதான் இருக்கறேன்."

"இப்பவேவா."

"ம்."

மறுபடியும் மூச்சு. எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போனது, அவர் பக்கத்திலா என் பக்கத்திலா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டாம் என்றாலும் அந்தக் குரலிலேயே வரும், அதையாவது வாங்கிக்கொள்ளலாம்.

"எடம் விட்டு அடிக்க முடியாதா?"

குமாரி அக்காவைப் பார்த்தேன். போன் பழையது, பேசுவது வெளியே கேட்கும். அவர் தலையை ஆட்டினார்.

"முடியும்ப்பா."

"அப்ப விட்டு அடி" என்றார். "மேல ஆள் நிக்குது, வெச்சிடறேன்." வைத்துவிட்டார்.

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அது சூடாக இருந்தது. வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சத்யா என்றுகூடச் சொல்லவில்லை. தெரியுது என்றார். தெரியுது என்றால் குரல் தெரிகிறதா, எண் தெரிகிறதா, என் எண்ணை அந்தப் போனில் இன்னும் வைத்திருக்கிறாரா, யாரிடம் சொல்லிப் பதிந்து வைத்தார், என்ன பெயரில். ஒன்றையும் கேட்கவில்லை நான். சாப்பிட்டியாப்பா என்றுகூட. குமாரி அக்கா கணினி முன் உட்கார்ந்து என் வாசகத்தை அடிக்க ஆரம்பித்திருந்தார், படிப்பைச் சின்ன எழுத்தில் பெயருக்குப் பக்கத்தில் சேர்த்தார், எதிர்நோக்கும் என்பது வரை வந்து கையை எடுத்தார். "அந்த வரிக்குன்னு தனியா ஒரு சின்ன ஸ்கிரீன் போட்டு அப்புறமா இழுத்துக்கலாம், அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஆனா எத்தினி வரிக்கு எடம், அதை இப்பவே சொல்லிடு." ஒரு வரி என்றால் அவர் மட்டும். இரண்டு வரி என்றால் அம்மாவும். இரண்டு வரி விட்டு அவர் வராமல் போனால் நாற்பது கார்டிலும் இரண்டு வரி வெறுமை. ஒரு வரி விட்டு அவர் வந்தால், பக்கத்தில் நிற்க அம்மாவுக்கு இடம் இருக்காது.

"ரெண்டுக்கா" என்றேன். "கொஞ்சம் தாராளமாவே விடுங்க."

"அந்தப் பேரையும் இப்பவே அடிச்சி வெச்சிடவா? ஒரு நிமிஷ வேலை."

"வேணாம். அவர் சொல்லட்டும்."

குமாரி அக்கா சட்டத்தில் பச்சை மருந்தைத் தடவிக் காயவைத்தார். சட்டத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்து, எடுத்து, தொட்டியில் சாய்த்துத் தண்ணீர் விட்டார். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கரைந்து திறந்தன, முதலில் தேதி, பிறகு நந்தகோபால், பிறகு நான், பிறகு மண்டபத்தின் முகவரி. கீழே வலது பக்கம் மட்டும் பச்சையாக அப்படியே நின்றது. நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன், கரையாது என்று தெரிந்தும். பிறகு மை. இழுத்து எடுத்த ஒவ்வொரு கார்டையும் நான் வாங்கித் தரையில் விரித்த செய்தித்தாளில் வைத்தேன். ஒன்றன்மேல் ஒன்று வைக்கக் கூடாது, ஈரம் ஒட்டும், மின்விசிறியும் கூடாது, தூசு ஏறும். வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டே பின்னால் வந்து வந்து, நாற்பதாவதை வைக்கும்போது நான் ஜன்னலோர மூலையில் நின்றிருந்தேன், கதவுக்கு வழி இல்லை, அறை முழுக்கப் பத்திரிகை. அரக்கு எழுத்து ஈரத்தில் மினுங்கியது. ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் தாள் மட்டும் தெரிந்தது.

"அவசரமா போகணுமா?" என்றார் குமாரி அக்கா கதவுப் பக்கத்திலிருந்து. "போகணும்னா சொல்லு, நடுவுல ரெண்டை எடுத்து வழி விடறேன். காய அரை மணி ஆகும்."

"வேணாங்கா" என்றேன். "காயட்டும்." செய்தித்தாளின் ஓரத்தில் மீதமிருந்த ஒரு அடி இடத்தில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.